கிலோமீட்டர் மாறவில்லை, மணி மாறிவிட்டது

ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ எவ்வளவு தூரம் என்று கைபேசியில் தேடினால், சுமார் 7,800 கிலோமீட்டர் என்று வரும். ஒன்பதரை மணி நேரப் பயணம். 2022 பிப்ரவரி வரை நடப்பிலும் அப்படித்தான் இருந்தது. அதன் பிறகு அதே பயணத்துக்குப் பதின்மூன்று மணி நேரம் ஆகிறது. ஊர்கள் இரண்டும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. நடுவிலிருக்கும் ரஷ்ய வானம் மூடிக்கொண்டுவிட்டது.

உலக உருண்டையில் இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது சைபீரியாவின் மேல் படியும். பின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனம் தன் ஆசியச் சேவைகளை அந்தக் குறுக்கு வழியை நம்பித்தான் வளர்த்தது. உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பா ரஷ்ய விமானங்களைத் தடுத்தது. பதிலுக்கு ரஷ்யா 36 நாடுகளின் விமானங்களைத் தடுத்தது. இப்போது விமானம் நேர் வடக்கே ஏறி, வட துருவத்தைத் தாண்டி, பெரிங் நீரிணை வழியாக ஜப்பானுக்கு இறங்குகிறது. மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் சுற்று. காற்றின் போக்கைப் பார்த்து, சில நாள் தெற்கே கஜகஸ்தான், சீனா வழியாகவும் போகும். துருவத்தைக் கடந்தவர்களுக்கு விமானத்திலேயே ஒரு சான்றிதழ் தருகிறார்கள்.

இந்தச் சுற்றுவழி புதிதல்ல. 1983-இல் ஃபின்ஏர் டோக்கியோவுக்கு முதன்முதலாக இடைநில்லாமல் பறந்ததே துருவத்தின் மேல்தான். அப்போதும் ஏறக்குறைய பதின்மூன்று மணி நேரம். சோவியத் வானம் அன்றும் பெரும்பாலும் பூட்டிக் கிடந்தது. மற்ற நிறுவனங்கள் பலவும் அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின. அந்த விமான நிலையத்துக் கடையில் சாப்பிட்ட உடோன் நூடுல்ஸை அந்தத் தலைமுறை ஜப்பானியர்கள் இன்னும் மறக்கவில்லை.

அந்த ஆங்கரேஜிலிருந்துதான் 1983 ஆகஸ்ட் முடிவில் கொரியன் ஏர்லைன்ஸ் 007 சியோலுக்குக் கிளம்பியது. தானியங்கிக் கருவி சரியான முறைக்கு மாற்றப்படாததால், போகப் போகப் பாதை விலகி, சோவியத் எல்லைக்குள் நுழைந்துவிட்டது. செப்டம்பர் 1 அதிகாலை, சகாலின் தீவருகே போர் விமானம் அதைச் சுட்டு வீழ்த்தியது. இருந்த 269 பேரும் இறந்தார்கள். தவறு நடந்தது கருவியைக் கையாண்டதில். ஆனால் அந்தத் தவறுக்கு விலை உயிரானது, வானத்தில் கோடு கிழித்து வைத்திருந்ததால். ஜிபிஎஸ்ஸைப் பயணிகள் விமானங்களுக்கும் இலவசமாகத் தருவோம் என்று அமெரிக்க அதிபர் ரீகன் அறிவித்தது அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான். பனிப்போர் தணிந்த பின் சைபீரிய வழி திறந்து, ஒரு தலைமுறைக்காலம் திறந்தே இருந்தது. அதை நாம் இயற்கை என்றே நினைத்துவிட்டோம்.

இன்றைய தடை எல்லாருக்கும் பொதுவும் அல்ல. சீன நிறுவனங்கள் ஐரோப்பாவுக்கு இன்னும் சைபீரியா மேல்தான் பறக்கின்றன. லண்டன்–ஷாங்காய் தடத்தில் 1999 முதல் பறந்த பிரிட்டனின் வர்ஜின் அட்லாண்டிக், சுற்றிப் போவதால் கூடும் நேரத்தைத் தாங்க முடியாமல் 2024 அக்டோபரில் அந்தச் சேவையையே நிறுத்திவிட்டது.