காக்காவுக்கு எந்த அடி?

பறையால் கதை சொல்ல முடியாது என்கிறார்கள். இதைச் சொல்வது இரண்டு தரப்பு. ஒன்று, சபாவில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடும் தரப்பு. 'அது வெறும் சத்தம். பிள்ளைகளுக்கு வயலினும் புல்லாங்குழலும்தான் இதம்' என்பது அவர்கள் தீர்ப்பு. இன்னொன்று நம் தரப்பு. 'பறை போர்க்கருவி தோழர், அதை வெச்சுக்கிட்டுப் பிள்ளை விளையாட்டா?' என்கிறோம் நாம். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

முதலில் சபாக்காரருக்கு. பிள்ளைகளுக்கு இசையால் கதை சொல்வது என்றதும் எடுத்துக் காட்டப்படுவது, 1936இல் மாஸ்கோவில் அரங்கேறிய புரோகோஃபியேவின் 'பீட்டரும் ஓநாயும்'. பறவைக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ, பூனைக்குக் கிளாரினெட், பீட்டருக்குத் தந்தி வாத்தியங்கள். முரசுகளுக்கு என்ன கிடைத்தது? வேட்டைக்காரர்களின் துப்பாக்கிச் சத்தம். நல்ல படைப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கேயும் தோலுக்கு வெடி மட்டும்தான், உயிர் இல்லை. நம் சினிமா இன்னும் ஒரு படி கீழே. தப்புச் சத்தம் கேட்டால் பிணம் வரும், இல்லையென்றால் அடியாள் வருவான்.

நான் வேலை பார்க்கும் வங்கியில் ஒருநாள் மேசைமேல் விரலால் ஒரு நடையைத் தட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, 'யாரு சார் செத்தது?' என்றார். பட்டம் வாங்கி, பரீட்சை எழுதி, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாலும் நம் விரலில் அவருக்குப் பிணம்தான் கேட்கிறது. அது பிறவிக் காது அல்ல, பழக்கிய காது. ஆறேழு வயதிலேயே பழக்கிவிடுகிறார்கள். அந்த வயதுக்குத்தான் நாம் போகணும்.

எந்தக் கதையோடு போவது? எல்லாருக்கும் தெரிந்த பாட்டி வடை சுட்ட கதையோடே போவோம். பாடம் என்ன சொல்லித் தருகிறது? காக்கா திருடன், நரி புத்திசாலி, காக்காவின் குரல் நாராசம். பசித்தவன் திருடன், கறுத்தவன் பாடினால் கேலி. இது யார் கதை என்று புரிகிறதா தோழர்களே? இதை அப்படியே பறையில் ஏற்றினால் காக்காவுக்குக் கரகரப்பான அடியைத்தான் கொடுப்போம். அதே காதைத்தான் நாமும் பழக்குவோம். அதனால் அடியிலிருந்தே மாற்றணும்.

ஐந்து சார்ட் அட்டைகளில் ஐந்து பெரிய படங்கள் போதும். வாயால் கதை சொல்ல ஆள் வேண்டாம்.

முதல் படம் பாட்டி, அடுப்பு, வடைச்சட்டி. இடக்கையில் இருக்கும் மெல்லிய சுண்டுக்குச்சியை மட்டும் விளிம்போரம் படபடவென்று ஓட்டினால் எண்ணெய் கொதிக்கும். அடிக்குச்சி நடுத்தோலில் மெல்லத் தட்டினால் மாவு தட்டுகிற கை.

இரண்டாவது படம் காக்கா. காக்கா நடக்காது, தத்தும். மூன்றும் இரண்டுமாக ஐந்து எண்ணிக்கை அதற்கு. வடையை எடுக்கும் இடத்தில் ஒரே அடி, பிறகு மௌனம். அந்த மௌனத்தில்தான் பிள்ளை படத்தைப் பார்க்கும். படத்தில் இருப்பதையே பறையும் திருப்பிச் சொன்னால் பறை எதற்கு? படம் மரக்கிளையைக் காட்டட்டும், பறை பசியைச் சொல்லட்டும்.

மூன்றாவது படம் நரி. அதற்கு நாலு எண்ணிக்கை. பிசிறில்லாத, நைசான நடை. புகழ்ந்து கவிழ்க்கிறவன் எப்போதும் ஒழுங்காகத்தான் பேசுவான்.

நாலாவது படத்தில் ஒரு கால், அதன் கீழே வடை. 'பாடு' என்றதும் காக்கா வடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டது என்று நம் பிள்ளைகளே கதையை மாற்றிச் சொல்வார்களே, அதுதான் இது. அடிக்குச்சியை ஓங்கி அடித்து, எடுக்காமல் தோலிலேயே அழுத்திப் பிடிக்கணும். சத்தம் செத்து நிற்கும்.

ஐந்தாவது படம், காக்கா பாடுகிறது. எல்லாப் பறையும் ஐந்தில் இறங்கட்டும். ஒருவர் மட்டும் நரியின் நாலை விடாமல் அடிக்கட்டும். நாலும் ஐந்தும் இருபதில்தான் கூடும். கூடுகிற இடத்தில் நரி வெளியே. இரண்டு தடவை கேட்ட பிள்ளை மூன்றாவது தடவை விரல் விட்டு எண்ணும். கணக்கு வராத பிள்ளை என்று வாத்தியார் ஒதுக்கிய பிள்ளையும் எண்ணும்.

இனி நம் தோழர்களுக்கு. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று மறுத்து, அதற்காக உதையும் ஊர்விலக்கும் பட்ட சனங்கள் நாம். அந்த மறுப்பு அடிமை வேலைக்கு எதிரான மறுப்பு, பறைக்கு எதிரானது அல்ல. பிறகு பறையை மேடையேற்றினோம், ஊர்வலத்தில் முழக்கினோம். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் தோளில் மாட்டினார்கள். 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீயும் கொடுத்துவிட்டார்கள். சரி, அப்பா மேளம் அடிக்கிறார் என்று வகுப்பில் சொல்லக் கூசுகிற பிள்ளைக்கு இதில் என்ன மாறியது? அந்தப் பிள்ளை பறையைக் கேட்டது இழவு வீட்டில், இல்லையென்றால் பொதுக்கூட்டத்தில். இரண்டும் பெரியவர்களின் இடம். பிள்ளை சிரித்துக்கொண்டே பறை கேட்க ஓர் இடத்தை நாம் இன்னும் உண்டாக்கவில்லை.

இதில் ஒரு களவும் நடக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன். 'அண்ணே, சும்மா கொஞ்சம் அடிங்க' என்று மேளக்காரரைக் கூப்பிட்டு, செலவுக்கு எதையோ கையில் திணித்து அனுப்பிவிட்டு, 'இசை' என்ற இடத்தில் படித்தவன் தன் பெயரைப் போட்டுக்கொள்வான். சாமிச்சாட்டு, மருளடி, சப்பரத்தடி என்று அத்தனை அடியையும் கையில் வைத்திருப்பவர் அவர். காக்காவுக்கு எந்த அடி என்று அவரிடம் கேட்கணும். அவர் அமைத்தால் அவர் பெயர். வாத்தியாருக்குச் சம்பளம் என்றால் ஆசானுக்கும் சம்பளம்.

சேரியில் இரவுப் பாடசாலை நடத்தும் மாணவத் தோழர்களே, அட்டை ஐந்து ரூபாயோ பத்து ரூபாயோதான். பறை ஊரில் இருக்கிறது. அதைக் காய்ச்ச வைக்கோல் தீ மூட்டும்போதே பிள்ளைகள் சுற்றி வந்து நிற்பார்கள். முதல் அட்டையை அப்போதே தூக்கிப் பிடியுங்கள். காக்கா பாடட்டும். வடை அதன் காலடியிலேயே இருக்கட்டும்.