ஈஸியா புக் ஆகுது... ஆனா நேர்மையா புக் ஆகுதா?

பொங்கலுக்கு ஊருக்குப் போகணுமா, லாங் வீக்கெண்டுக்கு ஊட்டி ரூம் போடணுமா... எல்லாமே இப்போ போன்லதான். 'இந்த ஆப் சூப்பர் மச்சி, ரெண்டே நிமிஷத்துல முடிஞ்சிடும்'னு சிபாரிசும் பண்றோம். ஆனா, சீக்கிரம் புக் ஆகுதுங்கிறது மட்டும் ஒரு டிராவல் தளத்துக்கு நல்ல சர்டிஃபிகேட் ஆகிடுமா?

ஒரு வெப்சைட் பயன்படுத்த எளிதா இருக்கான்னு சோதிக்க, உலகம் முழுக்க டிசைனர்கள் வெச்சிருக்கிற அளவுகோலுக்குப் பெயர் 'ஹியூரிஸ்டிக்ஸ்'. டென்மார்க்கைச் சேர்ந்த யாகோப் நீல்சனும் ரால்ஃப் மோலிச்சும் 1990-ல் தொடங்கிவைத்த இந்தப் பட்டியலை, 1994-ல் 10 விதிகளாகச் செம்மைப்படுத்தினார் நீல்சன்.

டிராவல் தளங்களுக்கு இதில் சில விதிகள் ரொம்பவே முக்கியம். 'என்ன நடக்குதுன்னு உடனே காட்டு' என்பது முதல் விதி. அக்கவுன்ட்ல பணம் போயிடுச்சு, டிக்கெட் வரலை, ஸ்கிரீன்ல வட்டம் மட்டும் சுத்திக்கிட்டே இருக்குன்னா அந்தத் தளம் முதல் விதியிலேயே ஃபெயில். 'தப்பு நடக்கும் முன்பே தடு' என்பது இன்னொன்று. சனிக்கிழமை ராத்திரி 12.30 பஸ்ஸுக்கு எந்தத் தேதியை செலக்ட் பண்ணணும்? ஞாயிறு தேதியைத்தான். இதைத் தளமே எச்சரிக்கலைன்னா, ஒருநாள் முன்னாடியே பஸ் கிளம்பிப் போயிருக்கும்.

ஆனா, இந்த விதிகள் முக்கியமா கேட்பது 'எளிதா இருக்கா?' என்பதைத்தான். 'நேர்மையா இருக்கா?' என்பதற்குத் தனி அளவுகோல் வேணும். நம்மைக் கேட்காமலே இன்ஷூரன்ஸைச் சேர்த்துவிடும் ஒரு பக்கம், பார்க்க அழகா, வேகமா, குழப்பமே இல்லாம இருக்கலாம். காசு போறதுகூடத் தெரியாத அளவுக்கு எளிது!

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் 13 வகை 'டார்க் பேட்டர்ன்'களுக்குத் தடை விதித்தது. அதில் கொடுத்த உதாரணங்கள் சிலவற்றைப் பாருங்க. ஃப்ளைட் டிக்கெட்டோடு தானாகவே ஒட்டிக்கொள்ளும் டிராவல் இன்ஷூரன்ஸ். அது வேண்டாம்னு சொன்னா, 'நான் பாதுகாப்பில்லாமலே இருந்துக்கறேன்'னு நம்மையே சொல்லவைக்கும் பட்டன். 'ரெண்டே ரூம்தான் இருக்கு, 30 பேர் பார்த்துக்கிட்டிருக்காங்க' என்ற பொய் அவசரம். எல்லாமே டிராவல் புக்கிங்கிலிருந்து எடுத்தவை!

2025 ஜூனில், இப்படி ஏதாவது இருக்கான்னு மூன்று மாதத்துக்குள் சுய ஆய்வு செய்யும்படி இ-காமர்ஸ் நிறுவனங்களை ஆணையம் கேட்டுக்கொண்டது. நல்ல விஷயம்தான். ஆனா, எழுதினவரே பேப்பர் திருத்துற கதை இது. எந்த அளவுகோலைக் கையில எடுக்கிறாங்க என்பதிலேயே ரிசல்ட் பாதி முடிவாகிடும். 'கஸ்டமர் எத்தனை கிளிக்ல முடிச்சார்'னு மட்டும் அளந்தா, எல்லாருமே ஃபர்ஸ்ட் கிளாஸ்தான்.

அதனால, நமக்குன்னு ஓர் அளவுகோல் வெச்சுக்கலாம். அடுத்த முறை புக் பண்ணும்போது இந்த ஐந்து கேள்விகளைக் கேட்டுப்பாருங்க.

1. முதல் பக்கத்தில் காட்டிய விலையும் கடைசியில் கட்டும் தொகையும் ஒன்றா? கூடியிருந்தா, எதுக்குன்னு முன்கூட்டியே சொன்னாங்களா?

2. நாம டிக் பண்ணாத ஏதாவது பில்லில் இருக்கா?

3. கேன்சல் பண்ணினா எவ்வளவு திரும்பி வரும்னு பணம் கட்டும் முன்பே தெரியுதா?

4. 'கடைசி ரூம்' என்ற அறிவிப்பு மறுநாளும் அப்படியே இருக்கா?

5. பேமென்ட் நடுவுல நின்னா, அடுத்து என்ன செய்யணும்னு தெளிவா சொல்றாங்களா?

இதில் முதல் நான்கும் நேர்மைக்கான கேள்விகள், கடைசி ஒன்று எளிமைக்கு. பாக்கெட்டில் கை வைக்கிற இடத்துல நேர்மைக்குத்தான் மார்க் அதிகம். ஏதாவது இடிச்சா, பேமென்ட்டுக்கு முன்னாடியே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் புகார் சொல்லும்போது கையில் ஆதாரம் இருக்கும்.