பின்சீட்டில் உட்காருபவரைக் கேட்டீர்களா?

என் வயதுக்காரர் யாராவது "பைக் சீட்டை மாற்றப் போகிறேன்" என்றால் நான் கேட்கும் முதல் கேள்வி, "வீட்டுக்காரம்மாவைக் கடைக்குக் கூட்டிப் போவீர்களா?" என்பதுதான். நான் கூட்டிப் போகவில்லை, பட்டேன்.

என்னுடையது பழைய புல்லட். முன்னால் ஸ்பிரிங் வைத்த தனி சீட், பின்னால் ஒரு சின்ன மெத்தை. முதுகுவலி வந்ததும், கடையில் காட்டிய புது மாடல் சீட்டை வாங்கி மாட்டினேன். பஞ்சு போல மெத்து, பின்பக்கம் படி மாதிரி உயரம், வழவழ ரெக்சின். பார்க்க அமர்க்களம்தான்.

புடவை கட்டி ஒருக்களித்து உட்காருகிறவளுக்கு அந்த உயரத்தில் கால் எட்டவில்லை. காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் என் சட்டையை இரண்டு தடவை இழுத்துப் பிடித்தாள். மாம்பழச்சாலையில், "நிறுத்துங்க. நான் ஒண்ணாம் நம்பர் பஸ்ல வந்துடறேன்" என்று இறங்கிவிட்டாள். மூன்று மாதம் பஸ்தான். எங்கள் வீட்டுப் பேச்சில் பாதி அந்த வண்டியில்தான் நடக்கும். அது நின்றுபோனது எனக்குத்தான் நஷ்டம்.

எனக்கும் சுகமில்லை. மெத்தென்ற ஃபோம் உட்கார்ந்ததும் அமுங்கும். கொஞ்ச நேரத்தில் அடித்தகடு தட்டும். உடம்பு பாரமெல்லாம் இரண்டு எலும்பில் வந்து நிற்கும். கட்டை விரலால் அழுத்திப் பார்த்து வாங்காதீர்கள். பத்து நிமிஷமாவது உட்காருங்கள். "40 டென்சிட்டி சார்" என்றால், ஒரு கன மீட்டர் ஃபோம் 40 கிலோ எடை என்று மட்டுமே அர்த்தம். கெட்டியா, மெத்தா என்று அது சொல்லாது. உட்காரும் இடத்தில் அலங்காரத் தையலும் வேண்டாம், மழைத் தண்ணீர் அதன் வழியாகத்தான் இறங்கும். பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம், சேலை சிக்காமல் சக்கரத்துக்கு மறைப்பு, இவை மத்திய மோட்டார் வாகன விதி 123 கேட்பவை. அழகுக்காக அவற்றைக் கழற்றச் சொன்னால் கடையை விட்டு வந்துவிடுங்கள்.

கடைசியில் பாலக்கரைப் பக்கம் ஒரு குஷன் கடைக்கு இருவருமாகப் போனோம். ரெக்சின் போடுவதற்கு முன்பே வெறும் ஃபோமில் அவளை உட்கார வைத்தார் கடைக்காரர்.

"இன்னும் ரெண்டு இஞ்ச் இறக்கணும், தம்பி."

சாக்பீஸால் கோடு போட்டு அறுத்தார். மேலே சொரசொரப்பான ரெக்சின்.

"ஸ்கூல் பெஞ்ச் மாதிரி இருக்கு தாத்தா" என்கிறான் பேரன். போன ஞாயிறு மெயின்கார்டு கேட்டிலிருந்து வீடு வரை அவள் என் சட்டையைத் தொடவே இல்லை. முருங்கைக்காய் விலையைத்தான் வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தாள்.