தேங்காய்ப்பூக்கீரை: வெட்டுங்கள், வேரைப் பிடுங்காதீர்கள்



உன்னிச்சையிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதமொன்று எழுதியிருக்கிறார். அவருடைய வளவிலே கிணற்றடிக்கு அப்பால் தேங்காய்ப்பூக்கீரை தானாகவே முளைத்திருக்கிறது. முதலில் வெள்ளி பூசியது போன்ற இலைகளோடு அழகாக, அடக்கமாக இருந்ததாம். மாரி மழைக்குப் பிறகு தாறுமாறாக நீண்டு, தரையிலே சாய்ந்து, நடுப்பகுதி குச்சி குச்சியாகி விட்டதாம். அவருடைய உம்மா தினமும் ஒரு செடியை வேரோடு பிடுங்கி அவித்துக் குடிக்கிறார். இருபது செடிகள் நின்ற இடத்தில் இப்போது ஐந்துதான் மிச்சம். உம்மாவுக்குச் சீனி வருத்தமும் இருக்கிறது. சிறுநீரகம் சற்றுப் பாதிக்கப்பட்டிருப்பதாகக் கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். “செடியை எப்படிக் காப்பாற்றுவது? உம்மாவிடம் எப்படிச் சொல்வது?” என்பதே அவருடைய கேள்வி.

கேள்விகள் இரண்டானாலும் விடை ஒன்றுதான். எதற்கும் ஓர் அளவு வேண்டும். செடி வளர்வதற்கும் அளவு உண்டு. நாம் அதிலிருந்து எடுப்பதற்கும் அளவு உண்டு.

முதலில் இந்தச் செடியை அறிந்து கொள்வோம். நாம் தேங்காய்ப்பூக்கீரை என்பதைச் சிங்களச் சகோதரர்கள் பொல்பலா என்பார்கள். பொல் என்றால் தேங்காய், பலா என்றால் கீரை. தமிழ்நாட்டிலே சிறுபீளை என்றும் பொங்கல்பூ என்றும் பெயர். அங்கே இந்துக்கள் பொங்கலையொட்டி இதை வேப்பிலையோடும் ஆவாரம்பூவோடும் சேர்த்து வீட்டுக் கூரையிலே காப்பாகக் கட்டுவார்கள்.

தாவர நூலார் இதற்கு வைத்த பெயர் ஏர்வா லனாட்டா. லனாட்டா என்பது கம்பளி போன்றது எனப் பொருள்படும் இலத்தீன் சொல். ஏர்வா என்பதோ அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. சுவீடன் நாட்டு அறிஞர் போர்ஸ்கால் யெமன் தேசத்துக்குப் போய்ச் செடிகளை ஆராய்ந்து, 1763இல் அங்கேயே நோயுற்று இறந்தார். அவருடைய நூல் 1775இல் வெளிவந்தது. அந்நாட்டு மக்கள் வழங்கிய பெயரையே அவர் இந்த இனத்துக்கு வைத்தார். இதன் உறவுச் செடியொன்று அரபுப் பாலைவனத்திலே வளர்கிறது. அதன் பஞ்சு போன்ற பூவைத் தலையணைக்குள் அடைப்பார்கள்.

பாலைவனத்து உறவு என்பதை மனதில் வைத்துக் கொண்டால் இதன் குணம் விளங்கிவிடும். இலையிலே தெரியும் வெள்ளி நிறம் சாயமல்ல. நுண்ணிய மயிர்களே அவை. வெயிலைத் திருப்பி அனுப்பி, இலையிலுள்ள நீர் வற்றாமல் காப்பது அவற்றின் வேலை. படுவான்கரையிலே கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களில் மற்றச் செடிகள் வாடி நிற்க, இது தாக்குப்பிடிப்பது அதனால்தான். இப்படிப்பட்ட செடியை நிழலிலே வைத்து, தினமும் தண்ணீர் ஊற்றி, சாணமும் அடுக்களைக் கழிவும் போட்டால் என்ன நடக்கும்? தண்டு மெலிந்து நீளும்; நிறம் பச்சையாகும்; தன் பாரத்தைத் தாங்க மாட்டாமல் சாயும். கடிதம் எழுதிய சகோதரியின் செடிகள் கிணற்றடியில் நிற்கின்றன. மாரி மழையோடு கிணற்றடி ஈரமும் சேர்ந்து கொண்டதே அவை சாய்ந்ததற்குக் காரணமாக இருக்கலாம்.

ஆகவே முதல் வேலை, தண்ணீரைக் குறைப்பது. நன்கு வேர்விட்ட செடிக்கு மழையில்லாக் காலத்தில் வாரம் ஒரு முறை ஊற்றினால் போதும். உரம் வேண்டாம். நாள் முழுதும் வெயில் படட்டும். செடிக்குச் செடி ஒன்றரை அடி இடைவெளி இருக்கட்டும்.

இரண்டாவது வேலை, வெட்டுவது. வெட்டினால் செடி செத்துவிடும் என்று பல பெண்கள் பயப்படுகிறார்கள். வெட்டாமல் விடுவதால்தான் இது சீக்கிரம் கிழடாகிறது. இளங்கன்று ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளி விடுங்கள். அடியிலிருந்து பல கிளைகள் புறப்பட்டுச் செடி பந்துபோலத் திரளும்.

வளர்ந்த செடியை வருடத்தில் இரண்டு தடவை வெட்டலாம். மழை ஓய்ந்து, நிலத்தில் ஈரம் இருக்கும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் ஒரு தடவை. மாரி தொடங்குமுன் செப்டெம்பரில் ஒரு தடவை. கச்சான் கடுமையாக வீசும்போதும், அடைமழையின்போதும் கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். வெயிலில் வெட்டிய செடி காயும். மழையில் வெட்டிய தண்டு அழுகும்.

எவ்வளவு வெட்டுவது? செடியின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு. வெட்டும் இடத்துக்குக் கீழே பச்சை இலை இருக்க வேண்டும். இலையே இல்லாத முதிர்ந்த குச்சிவரை வெட்டினால் அது மீண்டும் துளிர்க்காமல் போகலாம். நடுப்பகுதி வெறுமையாகிச் சாய்ந்த செடிகளில், முதலில் பாதிக் கிளைகளை மட்டும் வெட்டுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் அடியிலே துளிர் கண்ட பிறகு மற்றப் பாதியை வெட்டுங்கள். துளிர் வராவிட்டால் அந்தச் செடியின் காலம் முடிந்தது என்று எண்ணி, புதுக்கன்றுக்கு இடம் விடுங்கள்.

மூன்றாவது வேலை, விதை. இலைக் கக்கத்திலே வெள்ளை வெள்ளையாய்த் திரண்டிருப்பவைதான் பூக்கள். அவை முற்றினால் நுண்ணிய கறுப்பு விதைகள் கொட்டி வளவெங்கும் முளைக்கும். பரவ வேண்டாம் என்றால் முற்றுமுன் வெட்டி விடுங்கள். ஆனால் எல்லாச் செடியையும் அப்படி வெட்டிவிடாமல், ஒன்றிரண்டை விதைக்கு விட வேண்டும். காய்ந்த பூங்கொத்தை மணலின் மேல் உதறி, கையால் மெதுவாக அழுத்தினால் போதும். ஆழமாகப் புதைக்கக் கூடாது.

இப்போது உம்மாவின் விடயத்துக்கு வருவோம். சமூலமாக, அதாவது வேரோடு எடுத்து அவிப்பது நம் நாட்டில் நெடுங்காலப் பழக்கம். சிறுநீர் நன்றாகப் பிரியவும் கல்லடைப்புக்கும் இதைக் கொடுத்து வந்திருக்கிறார்கள். அந்த அனுபவத்தை நான் இகழவில்லை. ஆனால் வேரைப் பிடுங்கினால் ஒரு தடவை குடிக்கலாம். நுனியை வெட்டினால் அதே செடி மறுபடியும் தரும். பத்து வீடுகள் வேரைப் பிடுங்கினால் அந்தத் தெருவில் அடுத்த வருடம் தேங்காய்ப்பூக்கீரை இராது.

இதைவிடப் பெரிய விடயம் ஒன்றுண்டு. இது கீரை இனத்துச் செடி. இந்த இனத்துச் செடிகளில் ஒக்சலேற்று என்னும் உப்பு இருக்கிறது. அவிக்கும்போது அதில் ஒரு பகுதி தண்ணீரில் இறங்கும். ஆரோக்கியமான சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். பழுதுபட்ட சிறுநீரகத்துக்கு அது பாரம்; அங்கே படிந்து மேலும் கெடுக்கக் கூடும். கல்லுக்கு நல்லது என்று குடிப்பது, சிலவகைக் கல்லுக்கே காரணமாகவும் ஆகலாம். வடமத்திய மாகாணத்திலே 1990களிலிருந்து எத்தனை விவசாயக் குடும்பங்கள் சிறுநீரக நோயால் அல்லற்படுகின்றன என்பதை நாம் அறிவோம். அதற்கு இந்தச் செடி காரணம் என்று நான் சொல்லவில்லை. சிறுநீரகம் போனால் வீட்டின் நிலை என்னவாகும் என்பதற்காகவே சொல்கிறேன்.

நான் மார்க்கக் கல்வி கற்பிப்பவன், வைத்தியன் அல்லன். ஆனால் இவ்வளவு சொல்லலாம். சிறுநீரக நோயுள்ளவர்கள், சீனி வருத்தத்துக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் டொக்டரிடம் கேளாமல் இதைக் குடிக்க வேண்டாம். “மூலிகைதானே, என்ன செய்துவிடும்?” என்று எவரும் எண்ண வேண்டாம். நோயைத் தணிக்கும் வலிமை ஒன்றுக்கு உண்டென்றால், தீங்கு செய்யும் வலிமையும் அதற்கு இருக்கக் கூடும்.

சகோதரியே, உம்மாவோடு வாதாட வேண்டாம். அவர் செடியைப் பிடுங்குவது உடம்பு சுகமாக வேண்டும் என்ற ஆசையினால். “உம்மா, இந்த முறை கிளினிக்குக்குப் போகும்போது ஒரு கட்டுக் கீரையையும் எடுத்துப் போய் டொக்டரிடம் காட்டிக் கேட்போம்; அதுவரைக்கும் நிறுத்தி வைப்போம்” என்று சொல்லுங்கள். பெரும்பாலான தாய்மார் மகள் சொல்வதை மறுத்தாலும், மகள் கூடவே வருவதை மறுக்க மாட்டார்கள். கேட்கும்போது எத்தனை நாளாக, எவ்வளவு குடித்தார் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

மிச்சமுள்ள ஐந்து செடிகளில் இரண்டை விதைக்கு விடுங்கள். மூன்றை நான் சொன்னபடி வெட்டுங்கள். ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து பறவையோ மனிதனோ மிருகமோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்பது நபிமொழியின் கருத்து. மாரி பிறந்து கன்றுகள் முளைத்ததும், பக்கத்து வீட்டுக்கும் இரண்டு கன்று கொடுங்கள். கொடுக்கும்போது, கத்தரிக்கோலால் வெட்டும் விதத்தையும், யார் யார் குடிக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிக் கொடுங்கள்.