பால் வெள்ளை, ரோஸ் மூக்கு... சரி, காது கேட்குமா?

ராஜபாளையம் குட்டி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ரெண்டே கேள்விதான். "உடம்புல எங்கயாவது புள்ளி இருக்கா? மூக்கு நல்ல ரோஸா இருக்குமா?" காது கேட்குமான்னு கேட்கிறவர்கள் ரொம்பக் குறைவு. உண்மையில் இந்த இனத்துக்கு முதலில் கேட்க வேண்டியதே அதுதான்.

2005-ல் ராஜபாளையத்துக்குத் தபால்தலை வந்தது. 2020 ஆகஸ்டில் 'மனதின் குரல்' நிகழ்ச்சியில் பிரதமர் மோடி ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லியே பேசினார். நாட்டு நாய்களுக்கு மவுசு கூடியிருப்பது சந்தோஷமான விஷயம்தான். ஆனால், தேவை கூடி இனப்பெருக்கமும் கூடும்போது அந்த இனத்தின் பலவீனமும் சேர்ந்தே பெருகும். ராஜபாளையத்தின் பலவீனம், பிறவியிலேயே வரும் காது கேளாமை.

நிறத்துக்கும் காதுக்கும் என்னங்க சம்பந்தம்? தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுப்பவை மெலனோசைட் எனும் நிறமி செல்கள். கருவில் இவை முதுகுப் பகுதியில் இருந்து கிளம்பி உடம்பெங்கும் பரவும். கொஞ்சம் உள்காதுக்கும் போகும். அங்கே அவற்றுக்கு வேறு வேலை. உள்காது திரவத்தில் பொட்டாசியம் அளவைச் சரியாக வைத்திருக்க உதவுகின்றன. ஒலியை உணரும் நுண்ணிய முடி செல்கள் உயிரோடு இருக்க இது அவசியம். சில மரபணுக்கள் இந்தச் செல்களின் பயணத்தைப் பாதியிலேயே நிறுத்திவிடும். அவை போய்ச் சேராத இடத்தில் முடி வெள்ளையாகிறது. உள்காதுக்கும் போய்ச் சேரவில்லை என்றால், பிறந்த 3, 4 வாரங்களில் கேட்கும் திறன் போய்விடும். அதன்பிறகு மருந்தும் இல்லை, ஆபரேஷனும் இல்லை.

அதற்காக வெள்ளை நாய் எல்லாமே ஆபத்து என்று பயப்பட வேண்டாம். சமோயெட் பனி போல வெள்ளைதான். ஆனால் மூக்கும் கண் ஓரமும் கறுப்பு. அதாவது, நிறமி செல்கள் ஊர் போய்ச் சேர்ந்திருக்கின்றன. முடியில்தான் நிறம் இல்லை. அதனால் அந்த இனத்தில் இந்தப் பிரச்னை பெரிதாக இல்லை. முடியோடு சேர்ந்து மூக்கும் நிறமில்லாமல் இருந்தால்தான் கூடுதலாக யோசிக்க வேண்டும். நாம் அழகு என்று காசு கொடுத்து வாங்குகிற ரோஸ் மூக்கு, ஒருவகையில் எச்சரிக்கை போர்டு!

இதில் அதிகம் ஆராயப்பட்ட இனம் டால்மேஷன். அமெரிக்காவின் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்ட்ரெய்ன் பல ஆயிரம் நாய்களைச் சோதித்தவர். அந்த நாட்டு டால்மேஷன்களில் சுமார் 30 சதவிகிதத்துக்குக் காதில் குறை. 8 சதவிகிதத்துக்கு இரண்டு காதும், 22 சதவிகிதத்துக்கு ஒரு காதும் கேட்காது. புல் டெரியரில் வெள்ளை நாய்களுக்கு சுமார் 20 சதவிகிதம், நிறம் உள்ளவற்றுக்கு 1 சதவிகிதம் சொச்சம்தான். பிறக்கும்போதே பெரிய கறுப்புத் திட்டோடு வரும் டால்மேஷன் குட்டிகளுக்குக் காது கேளாமை குறைவு. ஆனால் நாய்க் கண்காட்சிகளில் அந்தத் திட்டு தகுதிக் குறைவு. நம் ஊரில் இன்னும் கொடுமை. ராஜபாளையம் ஈன்ற குட்டிகளில் நிறம் உள்ளவற்றைக் கொன்றுவிடும் வழக்கமே முன்பு இருந்தது. இனத்தைக் காப்பாற்றியிருக்கக்கூடிய குட்டிகளையே கழித்துக்கட்டியிருக்கிறோம்.

முழுச் செவிடான குட்டி எப்படியும் வெளியே தெரிந்துவிடும். சிக்கலே ஒரு காது மட்டும் கேட்கும் நாய்தான். கூப்பிட்டால் வரும், குரைக்கும், காவலும் காக்கும். சத்தம் எந்தத் திசையில் இருந்து வருகிறது என்பதில் மட்டும் தடுமாறும். யாரும் கவனிக்க மாட்டார்கள். 'நல்ல வெள்ளை' என்று அதையே இனப்பெருக்கத்துக்கு விடுவார்கள். இப்படித்தான் இந்தக் குறை தலைமுறை தாண்டுகிறது.

இதைக் கண்டுபிடிக்க பி.ஏ.இ.ஆர் என்ற டெஸ்ட் இருக்கிறது. தலையில் மெல்லிய ஊசிகளைப் பொருத்தி, காதில் சத்தம் கொடுத்து, மூளையில் பதிவாகிறதா என்று ஒவ்வொரு காதாகப் பார்ப்பார்கள். 5 வாரக் குட்டிக்கே செய்யலாம். 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க விதிகளின்படி 8 வாரத்துக்கு முன் குட்டியை விற்கவே கூடாது. ஆக, விற்பவர் கையில் 3 வாரம் இருக்கிறது! கருவி எல்லா ஊரிலும் கிடைக்காது என்பது நிஜம். ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறவரிடம், தாய் தந்தைக்காவது டெஸ்ட் எடுத்தீர்களா என்று கேட்பதில் தப்பில்லை. வாங்குகிறவர்கள் கேட்காதவரை விற்கிறவர்கள் செய்ய மாட்டார்கள்.

வீட்டிலும் ஓரளவு பார்க்கலாம். மற்ற குட்டிகளிடம் இருந்து பிரித்து, அது தூங்கும்போது பின்னால் நின்று விசில் அடித்துப் பாருங்கள். தரையைத் தட்டாதீர்கள், அதிர்வை உணர்ந்தே எழுந்துவிடும். ஒரு காது குறையை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது என்பதையும் மறந்துடாதீங்க.

ஏற்கெனவே வீட்டில் காது கேளாத நாய் இருக்கிறதா? அது முட்டாளும் இல்லை, திமிர் பிடித்ததும் இல்லை. உட்கார், வா, நில் எல்லாவற்றையும் கை சைகையிலேயே கற்றுக்கொள்ளும். தூங்கும்போது திடீரென்று தொட்டால் பதறிக் கடிக்கலாம். அதனால் கையை மூக்கருகே நீட்டி, வாசனை பிடித்து விழிக்க விடுங்கள். ரோட்டில் மட்டும் கயிறு இல்லாமல் விடவே விடாதீர்கள். பின்னால் வரும் வண்டியின் ஹாரன் அதற்குக் கேட்காது.