இரும்புக்கை மாயாவியும் நம் ஊர்க் கைகளும்

"ஐயா, உலகில் இல்லாத ஒருவருக்காகக் கண்ணீர் விடுவது அறிவுடைமை ஆகுமா?" அண்மையில் என் மாணவர் ஒருவர் வகுப்பு முடிந்தபின் தயங்கித் தயங்கிக் கேட்ட வினா இது. 'ஸ்டார் வார்ஸ்' என்னும் விண்வெளிக் கதைப் படங்களை அவர் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து வந்திருக்கிறார். அவர் நெஞ்சில் இடம்பிடித்த ஹான் சோலோ, பெற்ற மகன் கையாலேயே மடிவதைக் கண்ட அன்றிரவு விடுதியில் அவருக்கு உணவு இறங்கவில்லை. அறைத் தோழர்கள் எள்ளி நகையாடினர். அன்று நான் ஓரிரு சொற்களில் ஆறுதல் கூறி அனுப்பினேன். ஆயினும் அவ்வினா என்னை விடவில்லை. அதற்குரிய முழுமையான விடையை இம்மலரின் வாயிலாகத் தர விரும்புகிறேன். மாணவர்கள் மட்டுமன்றி ஆசிரியர்களும் சமுதாயப் பெரியவர்களும் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் விழைவு.

உலகெங்கும் ஒரே நெஞ்சம்

அம்மாணவர் தனியர் அல்லர். ஜார்ஜ் லூகாஸ் இயக்கிய அத்தொடரின் முதற்படம் 1977இல் வெளிவந்தது. ஹான் சோலோவின் இறப்பு இடம்பெற்ற படம் 2015இல் வந்தது. இடைப்பட்ட முப்பத்தெட்டு ஆண்டுகளில் சிறுவராய் இருந்தோர் பெற்றோராயினர். அவர்தம் பிள்ளைகளும் அதே மாந்தரை நேசித்தனர். இளவரசி லேயாவாக நடித்த கேரி ஃபிஷர் 2016 டிசம்பரில் மறைந்தபோது, அமெரிக்காவில் அன்பர்கள் கதையில் வரும் ஒளிவாள்களை ஏந்தி ஒன்றுகூடி அஞ்சலி செலுத்தினர். அதற்கும் முன்னே, 1893இல் ஆர்தர் கோனன் டாயில் தம் துப்பறியும் நாயகர் ஷெர்லக் ஹோம்ஸை மலையருவியில் வீழ்த்திக் கதையை முடித்தார். வாசகர்கள் சினந்து கடிதம் எழுதினர். பத்தாண்டுகள் கழித்து, 1903இல், ஹோம்ஸ் இறக்கவேயில்லை என்று எழுதி அவரை மீட்டுத் தரவேண்டிய நிலை ஆசிரியருக்கு உண்டாயிற்று.

தமிழரும் இதற்கு விலக்கல்லர். 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' தொடரைப் படித்தோர், தம் மக்களுக்குக் குந்தவை என்றும் பூங்குழலி என்றும் அருள்மொழி என்றும் பெயர் சூட்டி மகிழ்ந்தனர். நம் இசுலாமியத் தமிழ் மரபிலோ கிஸ்ஸா, மசாலா, நாமா, படைப்போர் எனத் தனி இலக்கிய வகைகளே தோன்றின. எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப்புலவரின் சீறாப்புராணத்தை ஒருவர் இசையோடு ஓத, ஊரே கூடியிருந்து பொருள் கேட்ட காலம் உண்டு. படைப்போர் நூல்களின் வீரர்கள் களத்தில் வாளெடுக்கும் இடம் வந்தால் கேட்போர் நிமிர்ந்து உட்கார்வர் என்று என் பாட்டனார் கூறக் கேட்டிருக்கிறேன். வரலாற்று மாந்தரும் கற்பனை மாந்தரும் ஒன்றல்லர் என்பதை நான் மறக்கவில்லை. கேட்கும் நெஞ்சம் உருகும் முறை ஒன்றே என்பதுதான் நான் கூற வருவது.

சிவகாசி தந்த நாயகர்கள்

இவ்வன்புக்கு மிகச் சிறந்த சான்று நம் விருதுநகர் மாவட்டத்திலேயே, சிவகாசியிலேயே இருக்கிறது. சிவகாசிக்கு அச்சுத் தொழில் வந்ததே தீப்பெட்டியால்தான். 1920களில் இங்குத் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது. அடுத்துப் பட்டாசு வந்தது. பெட்டிகளில் ஒட்டுவதற்கு வண்ண லேபிள்கள் தேவைப்பட்டன. லேபிளுக்காக வந்த அச்சகங்கள் பின்னர் நாட்காட்டியும் நாட்குறிப்பும் பள்ளி நூல்களும் அச்சிட்டன. அவ்வச்சகங்களின் ஊரிலிருந்து 1972 சனவரியில் 'முத்து காமிக்ஸ்' பிறந்தது. அதனைத் தொடங்கியவர் திரு. சௌந்திரபாண்டியன். முதல் இதழின் பெயர் 'இரும்புக்கை மாயாவி'. அவருடைய மகனார் திரு. எஸ். விஜயன் 1984இல் 'லயன் காமிக்ஸ்' இதழைத் தொடங்கினார். மாயாவியும் லாரன்ஸ்-டேவிட் இணையும், ஸ்பைடரும், இரும்பு மனிதன் ஆர்ச்சியும், டெக்ஸ் வில்லரும் தமிழ் பேசத் தொடங்கினர்.

இவர்களுள் எவரும் தமிழ்நாட்டில் பிறந்தவர் அல்லர். இரும்புக்கை மாயாவி 1962இல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' இதழில் பிறந்தவர். படம் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஜீசஸ் பிளாஸ்கோ. டெக்ஸ் வில்லர் 1948இல் இத்தாலியில் தோன்றியவர். ஆயினும் அவர்கள் பேசிய தமிழ் நம் தமிழ். அதனாலேயே அவர்கள் நம்மவராயினர். பிறந்த நாட்டில் மாயாவியை அறிந்தோர் அருகிவிட்ட பின்னும் தமிழ்நாட்டில் அவர் பெயர் நிலைத்திருக்கிறது. இன்று ஐம்பதும் அறுபதும் கடந்த வாசகர்கள், ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவையொட்டிக் கூடி, தம் நாயகர்களைப் பற்றி நாள் முழுதும் உரையாடுகின்றனர். அவர்களுள் வணிகரும் உண்டு. வங்கி ஊழியரும் மருத்துவரும் உண்டு. அவர்களை ஒன்று சேர்ப்பது சிறுவயதில் கொண்ட அன்பு ஒன்றே.

இவ்வன்பு ஏன் பிறக்கிறது? தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, அவற்றுள் அழுகைக்குரிய நிலைக்களன்களில் ஒன்றாக இழவைச் சேர்த்தார். இழப்பைக் கண்டவிடத்து மனம் நெகிழ்வது மனித இயல்பு. இழந்தவர் மெய்யானவரா, புனையப்பட்டவரா என்று ஆராய்ந்து பார்த்தபின் கண்ணீர் வருவதில்லை. மேலும், மாதந்தோறும் வரும் இதழில் நாம் ஒருவருடன் ஆண்டுக்கணக்கில் பழகுகிறோம். அவர் அஞ்சும் இடம், சினக்கும் இடம், தனித்திருக்கும் இடம் அனைத்தையும் அறிகிறோம். உறவினருள்ளும் எத்தனை பேரை நாம் இவ்வளவு அறிவோம்?

ஆகவே, அம்மாணவரின் கண்ணீர் அறியாமை அன்று. இதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இத்துடன் நிறுத்திக்கொண்டால் என் விடை பாதி விடையே ஆகும்.

திண்ணையில் கேட்ட கேள்வி

எழுபதுகளில் பட்டாசுத் தொழில் நிறைந்த சிற்றூர் ஒன்றில் சிறுவனாக இருந்தேன். வாடகை நூல் நிலையத்தில் சில காசுகளுக்கு எடுத்துவந்த முத்து காமிக்ஸ் எங்கள் தெருச் சிறுவர்கள் அனைவர் கையிலும் புரண்டபின்பே திரும்பிச் செல்லும். பட்டாசுக்குச் சுற்றும் ஜிகினாத் தாளை வலக்கையில் சுற்றிக்கொண்டு நாங்கள் 'மாயாவி' விளையாடுவோம்.

கதை பலர் அறிந்ததே. ஆய்வுக்கூட விபத்தில் வலக்கையை இழந்தவர் லூயிஸ் கிராண்டேல். அவருக்கு இரும்புக்கை பொருத்தப்படுகிறது. பின்னர் நேர்ந்த மற்றொரு விபத்தில் உடலுள் மின்சாரம் பாய, அவர் உருவம் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரிகிறது. அன்றுமுதல் மின்சாரத்தைத் தொட்டால் அவர் மாயாவி.

எங்கள் தெருவில் வலக்கை மணிக்கட்டுக்குக் கீழே இல்லாத பெரியவர் ஒருவர் இருந்தார். பட்டாசுக்கு மருந்து செலுத்தும்போது நேர்ந்த விபத்து. கையைத் துண்டால் மூடியபடி திண்ணையில் அமர்ந்திருப்பார். ஒருநாள் எங்கள் விளையாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என்னை அழைத்து, கதையைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஏந்தம்பி, கை போனப்புறம் அவன் பொழப்புக்கு என்ன பண்ணான்னு அதுல போட்டிருக்கா?" என்றார்.

"இல்லை அண்ணாச்சி" என்றேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை.

எனக்கு அப்போது அக்கேள்வியின் பொருள் விளங்கவில்லை. மாயாவி எந்தக் கதையில் எந்தப் பகைவனை வென்றார் என்பது எனக்கு மனப்பாடம். ஆனால் எங்கள் வீட்டிலிருந்து நான்காம் வீட்டில் வாழ்ந்தவரை 'கையில்லாத அண்ணாச்சி' என்றே அழைத்து வந்தேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது. அவர் காலமான பிறகும் அதைக் கேட்டறியவில்லை. இன்று நினைத்தாலும் நாணம் உண்டாகிறது.

கண்ணீரின் கடன்

அமெரிக்க உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட தம் நூலில் ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறார். உருசிய நாட்டுச் சீமாட்டி ஒருவர் நாடக அரங்கினுள் கதைமாந்தருக்காக அழுகிறார். வெளியே அவருடைய வண்டியோட்டி கடுங்குளிரில் உறைந்து மடிந்துகொண்டிருக்கிறான். உணர்ச்சி செயலாக மாறாமல் வீணாகும் பழக்கம் மனிதனைக் கெடுக்கும் என்பது அவர் கருத்து. கதைகளை ஏற்காத பெரியவர்கள் கூறுவதும் ஏறத்தாழ இதுவே. அவர்கள் கவலையில் உண்மை இருக்கிறது.

நம் பகுதியில் அந்த வண்டியோட்டி யார் என்று நான் விளக்க வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அவர்களுள் பலர் ஆலைத் தொழிலாளர் அல்லர். புகையைக் கண்டு ஓடிவந்தவர்கள், உதவ முற்பட்டவர்கள். 2021 பிப்ரவரி 12ஆம் நாள் சாத்தூரை அடுத்த அச்சன்குளத்தில் நிகழ்ந்த விபத்தில் பல குடும்பங்கள் சிதைந்தன. இவற்றுக்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவை பல. ஒவ்வொரு முறையும் நாளிதழில் இறந்தோர் எண்ணிக்கையும் இழப்பீட்டுத் தொகையும் வருகின்றன. விபத்துக்குக் காரணம் உராய்வு என்று ஒரு வரி வருகிறது. மறுநாள் வேறு செய்தி வந்துவிடுகிறது.

மாயாவிக்கு ஒரு பெயர் உண்டு, முகம் உண்டு, முன்கதையும் உண்டு. முதலிப்பட்டியில் மடிந்தோர்க்கும் இவை அனைத்தும் இருந்தன. ஆனால் நமக்குத் தரப்பட்டது எண்ணிக்கை மட்டுமே. எண்ணிக்கையை எவரும் நேசிக்க இயலாது. நம் நெஞ்சம் கல்லாகிவிடவில்லை. அவர்களின் கதை நம்மிடம் வந்து சேரவில்லை. பட்டாசின் வண்ணத்தில் தொழிலாளியின் கைத்திறம் தெரிகிறது; கைக்குரியவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. மாயாவியின் கதையில் வியப்பூட்டிய அதே காட்சி நம் ஊரில் அன்றாட நடைமுறையாகிவிட்டது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நாங்கள் திண்ணையில் கதை படித்த அதே பொழுதில், எங்கள் வயதுச் சிறுவர் சிறுமியர் தீக்குச்சி அடுக்கினர், பெட்டி ஒட்டினர். சிவகாசிச் சிறார் உழைப்பு குறித்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 டிசம்பர் 10ஆம் நாள் தீர்ப்பளித்து, அபாயத் தொழிலில் சிறாரை அமர்த்தும் முதலாளி குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று ஆணையிட்டது. ஊரிலேயே அச்சான கதைகளைப் படிக்கும் பேறு அக்குழந்தைகள் பலருக்குக் கிட்டவில்லை என்பது நாம் மறக்கக்கூடாத செய்தி.

நாம் செய்யத்தக்கது

பெரியவர்களே, பிள்ளையின் கையிலிருக்கும் கதை நூலைப் பறிக்காதீர்கள். பிறர் துயர் கண்டு உருகும் நெஞ்சம் அங்கே பயிற்சி பெறுகிறது. மாறாக, அவன் படித்து முடித்தபின் அந்தத் திண்ணைப் பெரியவர் கேட்டது போன்ற கேள்வி ஒன்றைக் கேளுங்கள். அடிபட்டவன் பிறகு எப்படி வாழ்ந்தான்? அவன் மனைவி மக்கள் என்ன ஆயினர்? கதை விட்டுச்சென்ற அவ்விடத்திலிருந்து அவன் தன் தெருவைப் பார்க்கத் தொடங்குவான்.

ஆசிரியப் பெருமக்களே, சிறுகதையும் புதினமும் நாம் கற்பிக்கிறோம். பாத்திரப் படைப்பு என்று தேர்வில் வினா கேட்கிறோம். ஆண்டுக்கு ஒருமுறையேனும் நம் மாணவர்கள் பட்டாசு, தீப்பெட்டித் தொழிலில் காயமுற்ற ஒருவரை நேரில் கண்டு, அவர் இசைவு பெற்று, அவருடைய வாழ்க்கையை அவர் சொன்னவாறே எழுதி வரட்டும். எந்த வயதில் ஆலைக்குச் சென்றார், எந்தப் பாட்டை விரும்பினார், விபத்துக்குப்பின் முதன்முதலாக எந்த வேலைக்குக் கேட்டுச் சென்றார் என்பனவெல்லாம் அதில் இடம்பெறட்டும். துறையில் ஓர் அலமாரி போதும். பத்தாண்டுகளில் அது ஒரு நூலகமாகும். இழப்பீடு கிடைக்காதவர் யார், உதவித்தொகை நின்றுபோனவர் யார் என்பதும் அப்போது தெரியவரும். தெரிந்தபின் வாளா இருக்க நம் மாணவர்களால் இயலாது என்று நான் நம்புகிறேன்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் ஹான் சோலோவை நேசியுங்கள், மாயாவியை நேசியுங்கள். அறுபதைக் கடந்தும் நான் நேசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். எங்கோ ஒரு விண்மீன் மண்டலத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் மரணத்துக்கு உருகும் நெஞ்சுக்கு, நான்காம் வீட்டின் துயர் எட்டாத தொலைவு அன்று. வாயிற்படியைத் தாண்டிச் சென்று பெயரைக் கேட்டறிய வேண்டும், அவ்வளவே. நான் அதைச் செய்யத் தவறினேன். நீங்கள் தவறாதிருங்கள்.

என்னிடம் வினவிய மாணவருக்கு இப்போது என் விடை இதுதான்: தம்பி, நீ அழுதது அறிவுடைமைதான். அவ்வழுகைக்கு ஒரு கடன் உண்டு. அது இவ்வூரிலேயே தீர்க்கத்தக்க கடன்.