கோழிக் கொட்டகைக்குத் தரையே முதல் செலவு

கொல்லையில் பத்து இருபது கோழிகளை அடைத்து வளர்க்க முற்படும் சிறு விவசாயிகள் முதலில் வலைக்கும் கூரைக்கும் பணம் தேடுகிறார்கள். அடுத்தது தீவனம். கோழி இரவும் பகலும் நிற்கும் தரையைப் பற்றிப் பலர் எண்ணுவதே இல்லை. குஞ்சுகள் ரத்தமாகக் கழிந்து சாகத் தொடங்கிய பிறகு மருந்துக்கு ஓடுகிறார்கள். இந்த வரிசை தலைகீழானது. குஞ்சு வாங்கும் முன்பே தரையைத் தயார் செய்துவிட வேண்டும்.

"நாட்டுக்கோழி குப்பையைக் கிளறி வளர்ந்ததுதானே, அதற்கு இதெல்லாம் எதற்கு?" என்று கேட்போர் உண்டு. தெருவெல்லாம் மேயும் கோழியின் எச்சம் நாலு இடத்தில் விழுந்து வெயிலில் காய்ந்துவிடும். வலைக்குள் அடைபட்ட கோழியோ தன் எச்சத்தையே மிதித்து, அதையே கொத்தித் தின்கிறது. வெயிலும் காற்றும் செய்து வந்த வேலையை அடைத்து வளர்ப்பவர்தான் செய்தாக வேண்டும்.

ரத்தக் கழிச்சல் கிருமி எச்சத்தோடு வெளிவருகிறது. ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் இரண்டொரு நாளில் நோய் தரும் பக்குவம் அடையும். ஈர மண்ணில் பல மாதம் உயிரோடிருக்கும். பினாயில் ஊற்றினாலும் சாகாது. உலர்ந்த தரையும் கடும் வெயிலுமே அதற்கு எதிரி.

எனவே தண்ணீர் தேங்காத மேட்டு இடமே ஏற்றது. முன்பு கோழி இருந்த இடமானால் மேல்மண்ணைச் செதுக்கி அப்புறப்படுத்த வேண்டும். சரளை அல்லது செம்மண் கொட்டி, சுற்றுத் தரையைவிட அரை அடி உயர்த்தி, திமிசு போட்டுக் கெட்டித்து, ஒருபுறம் வாட்டம் விட வேண்டும். கரிசல் பூமியில் இன்னும் சற்று உயரம் தேவை. நீற்றிய சுண்ணாம்பைத் தூவிச் சில நாள் காயவிட்ட பின் கூளம் பரப்பலாம்.

கூளத்துக்கு நெல் உமி நல்லது. கடலைத்தோல், நறுக்கிய வைக்கோல், மரத்தூள் ஆகியவையும் ஆகும். ஆனால் பூசணம் பிடித்ததைப் போடவே கூடாது. அது குஞ்சுகளின் நுரையீரலைக் கெடுக்கும். இருபது கோழிகளுக்கான 50 சதுர அடிக் கொட்டகையில் 3 அங்குலம் பரப்பச் சுமார் 4 மூட்டை உமி போதும். இளங்குஞ்சுகள் கூளத்தைத் தின்னாதபடி முதல் சில நாட்கள் அதன்மேல் காகிதம் விரிக்க வேண்டும்.

வாரம் ஒருமுறையும் மழை நாளில் இருமுறையும் கூளத்தைக் கிளறிவிட வேண்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பார்க்கலாம். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். உள்ளங்கையில் லேசாக ஒட்டி உதிர்ந்தால் சரி. கட்டி தட்டியதை எடுத்துவிட்டுப் புதுக் கூளம் சேர்க்க வேண்டும். தண்ணீர்ப் பாத்திரத்தைச் செங்கல்மேல் வைத்தால் ஈரம் குறையும். கண் எரியும் நெடி வந்தால் காற்றோட்டம் போதவில்லை என்று அறியலாம்.

தரை சரியாக இருந்தால் எல்லா நோயும் நீங்கிவிடும் என்பதல்ல. வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பூசி போட்டே ஆக வேண்டும். ஆனால் ஈரத் தரையில் மருந்துச் செலவு ஓயாது. கூளத்துக்குப் போட்ட காசோ வீண் போவதில்லை. தழைச்சத்து மிகுந்த அந்தக் கூளத்தை மக்க வைத்தால் தோட்டத்துக்கு எருவாகும். ஐப்பசி மழைக்கு முன் மண்வெட்டியை எடுப்பவர் கார்த்திகையில் குஞ்சுகளைப் புதைக்க வேண்டியிராது.